கெட்டிப் பாறையும் மக்கிய பாறையும்: நீலகிரியின் நிலவியல்

2009 நவம்பரில் நீலகிரி இரண்டு காரணங்களுக்காகச் செய்தியில் அடிபட்டது. அந்த மாதம் 10ஆம் தேதி கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. உதகை, குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதே மாதத்தில், மசினகுடியை அடுத்த சிங்காராவில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க அனுமதி இல்லை என்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் கைவிரித்தது. யானைகளின் வழித்தடம், முதுமலைப் புலிகள் காப்பகத்தின் அருகாமை ஆகியவையே மறுப்புக்குக் காரணம். பாறையைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

சொல்லப்போனால் இயற்பியலாளர்கள் சிங்காராவைத் தேடி வந்ததே பாறைக்காகத்தான். 50,000 டன் காந்த இரும்பை அடுக்கி நியூட்ரினோவைப் பிடிக்க வேண்டுமானால், வானிலிருந்து பொழியும் மற்றத் துகள்கள் அந்தக் கருவியை எட்டாதபடி எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறையாவது மறைக்க வேண்டும். அந்தப் பாறை விரிசல் குறைந்ததாக, பெரிய குகையைக் குடைந்தாலும் கூரை தாங்குவதாக இருக்க வேண்டும். சிங்காராவில் பைக்காரா மின் திட்டத்துக்காக மலைக்குள் ஏற்கெனவே குடைந்த நிலத்தடி மின் நிலையம் ஒன்று இருந்தது. குடைந்த அனுபவம் நல்லதாகவே இருந்தது. அனுமதி கிடைக்காமல் திட்டம் தேனி மாவட்டத்துப் போடி மேற்கு மலைக்கு மாறியபோதும் அவர்கள் தேடிப்போனது அதே இனப் பாறையைத்தான்.

ஆக, நாட்டிலேயே உறுதியான பாறைகளில் ஒன்று என்று அறிவியலாளர்கள் தேர்ந்தெடுத்த மலையில்தான் ஒரு வார மழைக்கு வீடுகள் சரிந்து விழுகின்றன. இரண்டு செய்தியும் உண்மை. இடையில் இருப்பது சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரை தடிமன் கொண்ட ஓர் அடுக்கு. அந்த அடுக்கைப் புரிந்துகொள்ள அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

கல்லறையில் கிடைத்த பெயர்

நீலகிரியின் உடல் பெரும்பாலும் சார்னோகைட் என்ற பாறையால் ஆனது. இந்தப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியிருப்பை நிறுவிய ஜாப் சார்னோக் 1693இல் இறந்தார். புனித யோவான் தேவாலய வளாகத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அதில் பதித்த கல் சென்னைப் பக்கத்துப் பல்லாவரத்திலிருந்து கடல்வழியாகப் போனது. சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து, 1893இல், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லை ஆராய்ந்து, இறந்தவரின் பெயரையே பாறைக்குச் சூட்டினார். இன்று அண்டார்டிகாவில் கிடைத்தாலும் நார்வேயில் கிடைத்தாலும் அது சார்னோகைட்தான். பல்லாவரத்தின் பெயர் நிலைத்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பெனி ஏஜெண்டின் பெயர் நிலைத்துவிட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

சென்னையில் வீடு கட்டியவர்களுக்கு இந்தக் கல் புதிதல்ல. பல்லாவரம், திரிசூலம் குன்றுகளை உடைத்து வந்த ‘புளூ மெட்டல்’ ஜல்லி இதுதான். புதிதாக உடைத்த முகத்தைப் பார்த்தால் கறுப்பும் பச்சையும் நீலமும் கலந்த ஒரு சாம்பல் நிறம். எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுக்கம். சாதாரணமாக வெள்ளையாகவோ கண்ணாடிபோலவோ இருக்கும் குவார்ட்ஸ்கூட இதில் நீலம் பாரித்திருக்கும். நீலகிரிக் கல்லில் இவற்றோடு சிவந்த கார்னெட் மணிகளும் சேர்ந்துகொள்கின்றன. பெரும்பாலானவை சில மில்லிமீட்டர்தான். கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

இவற்றுள் ஹைப்பர்ஸ்தீன் என்ற பழுப்புக் கனிமமே முக்கியமான சாட்சி. சமவெளிகளில் நாம் காணும் நைஸ் பாறைகளில் பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்கள் உண்டு. அவை தம் அமைப்புக்குள்ளேயே கொஞ்சம் நீரை வைத்திருப்பவை. வெப்பம் 700 பாகை செல்சியஸைத் தாண்டி, சுற்றிலும் நீரும் குறைந்துபோனால் அவை தாக்குப்பிடிக்காமல் சிதைந்து ஹைப்பர்ஸ்தீனாக மாறுகின்றன. எனவே ஒரு பாறையில் ஹைப்பர்ஸ்தீன் பரவலாக இருந்தால், அது பெரும்பாலும் பூமி ஓட்டின் அடித்தளத்தில் வெந்து உலர்ந்த பாறை என்று கொள்ளலாம். நீரை விரட்டியது எது என்பதில் நீண்ட விவாதம் உண்டு. கர்நாடகத்தின் கப்பால்துர்காவில், கல்குவாரியின் ஒரே சுவரில், சாம்பல் நிற நைஸ் பாறை விரிசல்களை ஒட்டித் திட்டுத் திட்டாகச் சார்னோகைட்டாக மாறியிருப்பதைக் காணலாம். ஜனார்த்தன், நியூட்டன், ஸ்மித் ஆகியோர் 1979இல் அதை விளக்கும்போது, ஆழத்திலிருந்து மேலேறி வந்த கரியமில வாயு நீரை வெளியேற்றியது என்றார்கள். பாறை ஓரளவு உருகி, உருகிய பகுதி நீரைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டது என்பது எதிர்த்தரப்பு. நீலகிரியின் பெரும்பகுதி திட்டுத் திட்டாக அல்லாமல் முழுமையாகவே சார்னோகைட் என்பதால், வாயு ஒன்றை மட்டும் காரணமாகச் சொல்வது அங்கே எடுபடவில்லை என்பது என் கருத்து.

ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. இமயமலையை எழுப்பிய மோதல் தொடங்கியதே சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் என்பதோடு ஒப்பிட்டால் இந்தப் பழமையின் அளவு புரியும். அந்தக் காலத்தில், இன்றைய கர்நாடகப் பகுதியின் பழங்கண்டத் துண்டுக்குத் தெற்கே கடல்தளம் அடியில் செருகிக்கொண்டிருக்க, அதற்கு மேல் உருவான எரிமலைத் தொடரின் வேர்ப்பகுதியே இன்றைய நீலகிரிப் பாறை என்று அண்மைக்கால ஆய்வுகள் பல கருதுகின்றன. எரிமலைகள் தேய்ந்து மறைந்துவிட்டன. வேர் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

கார்னெட்டும் அதை ஒட்டிய கனிமங்களும் இரும்பு, மக்னீசியம், கால்சியம் ஆகியவற்றை எந்த விகிதத்தில் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன என்று அளந்தால், அவை உருவானபோது இருந்த அழுத்தத்தையும் வெப்பத்தையும் கணக்கிடலாம். நீலகிரியில் இந்தக் கணக்கு ஓர் அழகான வரிசையைத் தருகிறது. தென்மேற்கே குந்தா மலைப் பக்கம் உள்ள பாறைகள் இருபது சொச்சம் கிலோமீட்டர் ஆழத்தில் உருவானவை; வடகிழக்கே போகப் போக ஆழம் கூடி 30 கிலோமீட்டரையும் தாண்டுகிறது. அதாவது நீலகிரி சாய்த்து நிறுத்தப்பட்ட ஒரு பழைய பூமி ஓடு. அவலாஞ்சியிலிருந்து கோத்தகிரிக்குப் பேருந்தில் போகிறவர், தமக்குத் தெரியாமலேயே, பண்டைய பூமியின் ஆழத்தை நோக்கிப் பல கிலோமீட்டர் இறங்கிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு ஆறுகள் வரைந்த எல்லை

வரைபடத்தில் நீலகிரி ஏறக்குறைய ஒரு முக்கோணம். கிழக்கே கூர்முனை, மேற்கே அகன்ற அடி. இந்த உருவம் தற்செயலாக அமைந்ததல்ல என்பதை இரண்டு ஆறுகளைப் பின்தொடர்ந்தால் கண்டுகொள்ளலாம்.

முக்குருத்திச் சிகரத்தருகே பிறக்கும் பைக்காரா ஆறு வடக்கே பாய்ந்து, பீடபூமியின் விளிம்பில் அருவியாக விழுந்து, மாயாறு என்று பெயர் மாறுகிறது. அங்கே சட்டென்று கிழக்கே திரும்பி, ஆழமான ஒரு பள்ளத்துக்குள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் ஓடுகிறது. ஆங்கிலேயர்கள் ‘மைசூர் டிச்’ என்று அழைத்த பள்ளத்தாக்கு இதுவே. கோடநாடு காட்சிமுனையிலிருந்து எட்டிப்பார்த்தால் தெங்குமரகடாவும் மாயாற்றின் வளைவுகளும் காலடியில் விரிவதைக் காணலாம். பவானியோ பீடபூமியின் தென்மேற்கு மூலையில் பிறந்து, கேரளத்துக்குள் இறங்கி, முக்காலியருகே முழுத் திருப்பம் திரும்பி, அட்டப்பாடி வழியாக வடகிழக்கே தமிழகத்துக்கே மீண்டும் வருகிறது. ஒரே பீடபூமியிலிருந்து புறப்பட்ட இரண்டு ஆறுகளும் அதை வடக்கிலும் தெற்கிலும் சுற்றிவந்து, பவானிசாகர் அணையில் ஒன்றுசேர்கின்றன.

ஆறுகளுக்கு இந்தப் பாதையைப் போட்டுக்கொடுத்தவை மாயாறு, பவானி ஷியர் மண்டலங்கள். பூமி ஓட்டின் இரண்டு துண்டுகள் ஒன்றையொன்று உரசி நகரும்போது, ஆழத்திலும் வெப்பத்திலும் பாறை உடையாது; இழுபட்டு, நசுங்கி, மாவாக அரைபட்டு, மெல்லிய இழை இழையாக மாறும். பல கிலோமீட்டர் அகலத்துக்குப் பாறை இப்படி அரைபட்ட பட்டையே ஷியர் மண்டலம். அந்த இழைப்பாறைக்கு மைலோனைட் என்று பெயர். 1980இல் ட்ரூரி, ஹோல்ட் என்ற இரு நிலவியலாளர்கள் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு தென்னிந்தியாவின் இந்தப் பட்டைகளைத் தொகுத்துக் காட்டியபின், தரையில் துண்டு துண்டாகத் தெரிந்தவை ஒரு வலைப்பின்னலாகப் புலப்பட்டன. முதலில் 250 கோடி ஆண்டளவில் நகர்ந்த இந்தப் பட்டைகள், கோண்ட்வானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த 55 கோடி ஆண்டளவில் மறுபடியும் நகர்ந்திருக்கின்றன. இவற்றுக்குத் தெற்கே பாலக்காட்டுக் கணவாயும் இதே வலைப்பின்னலின் பகுதிதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் இப்படியொரு வாசல் திறந்திருக்க, அரைபட்ட பாறை எளிதில் அரிபட்டதே முதன்மைக் காரணம்.

இந்தப் பட்டைகளின் பிளவுகளில் வெந்நீர் ஓடிய காலத்தில் குவார்ட்ஸ் நரம்புகள் படிந்தன. அவற்றில் கொஞ்சம் தங்கமும் படிந்தது. வயநாட்டை ஒட்டி, கூடலூரை அடுத்துள்ள தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் பழங்குடி மக்கள் ஓடை மணலை அரித்துப் பொன்துகள் எடுத்துவந்தது பழைய வழக்கம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் பணியாற்றிய சுரங்கப் பொறியாளர் பிரோ ஸ்மித்தை 1879 வாக்கில் ஆங்கில அரசு வரவழைத்து அறிக்கை கேட்டது. அறிக்கை நம்பிக்கை தருவதாக இருந்தது. இலண்டன் பங்குச் சந்தையில் வயநாட்டுத் தங்கத்தின் பெயரால் பல பத்துக் கம்பெனிகள் முளைத்தன. சில ஆண்டுகளில் அத்தனையும் கவிழ்ந்தன. நரம்புகளில் தங்கம் இருந்தது உண்மை; செலவுக்குக் கட்டுப்படியாகும் அளவில் இல்லை. பங்கு விற்றவர்கள் சம்பாதித்தார்கள். விட்டுப்போன சுரங்கக் குழிகளில் ஆபத்தான திருட்டுத் தோண்டல் இன்றும் நடக்கிறது.

மேலே தட்டையாக இருப்பது எப்படி?

இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே ஏறியவுடன் நீலகிரி சாதுவாகிவிடுகிறது. வட்டமான புல்மேடுகள், அவற்றின் மடிப்புகளில் சோலைகள், சதுப்பான பள்ளத்தாக்குகள், அவசரமில்லாத ஓடைகள். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாகூட மலையேற்றக்காரர்களை மிரட்டும் சிகரமல்ல, கார் போகிறது. ஆனால் விளிம்புக்கு வந்துவிட்டால் கதையே வேறு. கல்லாறிலிருந்து குன்னூர்வரை பத்தொன்பது கிலோமீட்டருக்குள் மலை ரயில் சுமார் 1,300 மீட்டர் ஏற வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். அதனால்தான் தண்டவாளத்தின் நடுவே பற்சட்டம் வைத்தார்கள். குந்தா மலையின் மேற்கு முகம் அமைதிப் பள்ளத்தாக்கை நோக்கி இதைவிடச் செங்குத்தாக விழுகிறது. ஆறுகள் எல்லாம் பீடபூமியின்மேல் சோம்பி நடந்து, விளிம்பில் அருவியாகின்றன. கல்லட்டி, கேத்தரின், பைக்காரா அருவிகளை இணைத்து ஒரு கோடு போட்டால் அது ஏறக்குறைய விளிம்புக் கோடுதான். 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா நீர்மின் திட்டம், தண்ணீரை 900 மீட்டருக்கு மேல் ஒரே வீழ்ச்சியாகக் குழாயில் இறக்க முடிந்தது இந்த விளிம்பின் தயவால்.

பள்ளிப் பாடநூல்கள் இதற்கு எளிய விடை வைத்திருக்கின்றன: நாலு பக்கமும் பிளவு விட்டு, நடுவிலுள்ள துண்டு மட்டும் மேலே தூக்கப்பட்டது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சிக்கல் உண்டு. ஷியர் மண்டலங்கள் நகர்ந்தது பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு, பூமிக்குள் மிக ஆழத்தில். இன்றைய சரிவுகளோ அதற்கு நெடுங்காலம் பின்னால் வந்தவை. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரும், 6.5 கோடி ஆண்டளவில் சேஷெல்ஸும் இந்தியாவை விட்டுப் பிரிந்தன. மேற்குக் கரையோரம் புதிதாகக் கடல் திறந்தபின்தான் மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்குத்து முகம் உருவாகத் தொடங்கியது. அரைபட்ட பாறையும் நீர் கொண்ட நைஸும் விரைவாக அரிபட, உலர்ந்த சார்னோகைட் அரிபட மறுத்து நின்றது. சுற்றிலும் எடை குறையக் குறையப் பூமி ஓடு அடியிலுள்ள கனமான பாறைமீது மெல்ல மிதந்தெழுந்து, நின்றதை இன்னும் உயர்த்தியது. பிற்காலப் பிளவு அசைவுகளுக்கும் பங்கு இருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் பாறையின் தரமே நீலகிரியின் உருவத்தைப் பெரும்பாலும் தீர்மானித்தது என்ற விளக்கமே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது.

விளிம்புகளில் நிற்கும் விந்தையான பாறைகளும் இந்தக் கதையின் கிளைகளே. கோத்தகிரிக்குக் கிழக்கே, இருளர்கள் வழிபடும் ரங்கசாமி மலையின் அருகே, தன்னந்தனியாக ஒரு கல்தூண் நூறு மீட்டரைத் தாண்டிய உயரத்தில் நிற்கிறது. கூடலூர்ச் சாலையின் ஊசிமலையும் அப்படித்தான். குன்னூரின் லாம்ப்ஸ் ராக் விளிம்பில் பாறை சுவராக இறங்குகிறது. பாறையில் ஒன்றுக்கொன்று குறுக்காகச் செல்லும் செங்குத்து வெடிப்புகளில் நீர் புகுந்து இரண்டு பக்கமும் அறுத்துக்கொண்டு போனால் இடையில் தூண் மிஞ்சும். மேலிருந்த கிலோமீட்டர் கணக்கான பாறைச் சுமை நீங்கியதில் பாறை விரிந்து, மேற்பரப்புக்கு இணையாகத் தகடு தகடாகக் கழன்றால் வழுக்குப்பாறை கிடைக்கும்.

மக்கிய பாறை

குன்னூர்-மேட்டுப்பாளையம் சாலையில் மலையைப் புதிதாக வெட்டிய இடம் ஒன்றைப் பாருங்கள். பாறை மண்ணாகும் கதை முழுவதும் அந்த ஒரே சுவரில் இருக்கும். உச்சியில் சாண் அளவிலிருந்து ஒரு மீட்டர்வரை கறுத்த மண். அதன் கீழ் அடர்ந்த சிவப்பு. இன்னும் கீழே சிவப்பும் மஞ்சளும் கலந்த புள்ளிகள். பிறகு வெளுத்த, சோப்புக்கட்டிபோல் வழவழக்கும் களி. இந்த வெளுத்த அடுக்கில்தான் ஆச்சரியம் இருக்கிறது. மூலப் பாறையின் பட்டைகள், கார்னெட் இருந்த இடங்கள், வெடிப்புகள் எல்லாமே அதே இடத்தில் அப்படியே தெரியும். ஆனால் விரலால் அழுத்தினால் பொடிந்துவிடும். தோற்றத்தில் பாறை, தன்மையில் மண். இதற்குள் அங்கங்கே ஆளுயர உருண்டைக் கற்கள், தோல் தோலாக உரிந்தபடி. அவற்றின் நடுப்பகுதி மட்டும் இன்னும் நீலச் சார்னோகைட். அதற்கும் கீழே, சில இடங்களில் மூன்று நான்கு மீட்டரிலும், சில இடங்களில் 40 மீட்டர் ஆழத்திலும், கெட்டிப் பாறை.

நீரில்லாத ஆழத்தில் வெந்து உருவான பாறை, மழை ஓயாத உயரத்தில் வெளிப்பட்டதன் விளைவு இது. ஃபெல்ஸ்பார் நீரோடு வினைபுரிந்து கயோலின் களியாகிறது. சிலிக்கா இன்னும் கரைந்து வெளியேறினால் அலுமினியம் மிகுந்த கிப்சைட் மிஞ்சுகிறது. ஹைப்பர்ஸ்தீனும் கார்னெட்டும் விட்டுப்போன இரும்பு துருப்பிடித்து மண்ணைச் சிவப்பாக்குகிறது. தட்டையான பீடபூமியில் அரிப்பு மெதுவாக நடப்பதால், மக்கிய பகுதி அடித்துச்செல்லப்படாமல் இலட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. விளிம்பிலோ பாறை மொட்டையாக நிற்கிறது. அதாவது, பார்க்கப் பயமாக இருக்கும் செங்குத்துப் பாறைமுகத்தைவிட, பார்க்க இதமாக இருக்கும் பசுஞ்சரிவில்தான் மக்கிய அடுக்கு தடிமனாக இருக்கிறது. இது வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை.

மேலுள்ள கறுத்த மண்ணும் சாதாரணமானதல்ல. எரிமலைச் சாம்பலில் உருவாகும் ஆண்டிசால் வகை மண்ணின் குணங்கள் அதில் இருப்பதைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மண்ணியலாளர்கள் கண்டறிந்தார்கள். எரிமலையே இல்லாத இடத்தில், குளிரும் ஈரமும் சேர்ந்து, அலுமினியமும் இரும்பும் மக்கிய இலைதழையோடு பிணைந்து அந்த மண்ணை உண்டாக்கியிருக்கின்றன. பள்ளத்தாக்குச் சதுப்புகளில் ஆக்சிஜன் கிட்டாமல் முழுதும் மக்காத தாவரப் பொருள் கரியாகப் படிந்திருக்கிறது. இந்தப் படிவை ஆராய்ந்து ராமன் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை, தென்னிந்தியாவின் கடந்த 20,000 ஆண்டுக் கால மழை வரலாற்றைக் கரிம ஐசோடோப்புகளின் வழியே படித்துக் காட்டியது. பனியூழி உச்சத்தில் வறட்சியும் புல்லும். 11,000 ஆண்டளவில் மழை வலுத்துச் சோலைத் தாவரங்களின் ஏற்றம். இந்தப் புல்வெளிகள் மனிதர் காட்டை எரித்ததால் வந்தவை மட்டுமே என்ற பழைய முடிவு அதற்குப்பின் நிற்கவில்லை.

சரிவு நடக்கும் விதம்

மழைநீர் மேலுள்ள சிவப்பு மண்ணுக்குள் எளிதில் இறங்குகிறது. கீழுள்ள வெளுத்த களி அவ்வளவு வேகமாக நீரை விடாது. எனவே இரண்டுக்கும் இடையில் நீர் தேங்குகிறது. மண்துகள்களின் இடுக்குகளில் அழுத்தம் ஏறி, துகளுக்கும் துகளுக்கும் இடையிலான உராய்வைக் குறைக்கிறது. சில இடங்களில் நீர் மண்ணுக்குள்ளேயே குழாய் குழாயாக வழி அறுத்துக்கொள்கிறது. மூலப் பாறையின் பழைய வெடிப்பு ஒன்று சரிவின் திசையிலேயே சாய்ந்திருந்தால், மக்கியபின்னும் அந்த வெடிப்பு வழுக்கும் தளமாகப் பயன்படுகிறது. 250 கோடி ஆண்டுப் பழமையான கட்டமைப்பு, நேற்றுக் கட்டிய வீட்டின் தலைவிதியை எழுதுவது இந்த இடத்தில்தான். ஒருநாள் பெருமழையைவிட, பல நாள் ஊறிய மண்மீது வரும் ஒருநாள் பெருமழையே ஆபத்து.

மேற்கே தென்மேற்குப் பருவமழை இதைவிடவும் கொட்டுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது, சரிவுகளும் ஏற்பட்டன. ஆனாலும் 1978, 1993, 2009 ஆகிய மூன்று பெருந்துயரங்களும் நவம்பரில் நடந்தவை. அவை கிழக்குப் பக்கத்தையே பெரிதும் தாக்கின. 1993இல் மரப்பாலத்தில் மலைச்சரிவு குன்னூர்ச் சாலையையும் அதிலிருந்தோரையும் அடித்துக்கொண்டு போனது. கிழக்கே தடிமனான மக்கிய அடுக்கும், வடகிழக்குப் பருவமழையும், சாலையும், ரயிலும், தேயிலையும், காய்கறித் தோட்டமும், மக்கள் நெருக்கமும் ஒரே இடத்தில் கூடுகின்றன. இந்தக் கூட்டுதான் கொல்கிறது. இலங்கை மலையகத்தின் பெரும்பகுதியும் சார்னோகைட்டும் அதன் உறவுப் பாறைகளும்தான். அங்கே 2014 அக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் லயக் குடியிருப்புகளை மண் மூடிய கதையும் இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டியது.

1978 சரிவுகளுக்குப்பின் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் சேஷகிரி, பத்ரிநாராயணன் முதலியோர் நீலகிரியை அபாய மண்டலங்களாகப் பிரித்து 1980களின் தொடக்கத்திலேயே வரைபடம் தயாரித்தார்கள். மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் 1990இல் வந்தது. 1993இன் கட்டட விதிகள் உயரத்தை 7 மீட்டருக்குள் கட்டுப்படுத்தின. விதிகள் நல்லவை, ஆனால் அவை கட்டடத்தின் உயரத்தை அளக்கும் அக்கறையோடு அதன் பின்னால் வெட்டிய மண்சுவரின் உயரத்தை அளப்பதில்லை. சரிவின் காலை வெட்டி, மேடையாக்கி, வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி, ஓடையை அடைத்துச் சாலை போட்டு, கழிவுநீர்க் குழியின் கசிவையும் அதற்குள்ளேயே விடும்போது, ஏழு மீட்டர் வீடும் ஒன்றுதான், பதினான்கு மீட்டர் விடுதியும் ஒன்றுதான். படுகர்களின் பழைய ஊர்களான ஹட்டிகள் பலவும் மென்சரிவான மேடுகளில், ஓடையை விட்டு விலகி அமைந்திருப்பதைக் கவனித்தால், விதி எழுதுமுன்பே இந்த அறிவு இங்கே இருந்தது தெரியும். இடப்பற்றாக்குறையால் சரிவுகளில் குடியேறியவர்கள் பெரும்பாலும் பின்னால் வந்த ஏழைத் தொழிலாளர்கள், சாகிறவர்களும் அவர்களே.

கட்டட அனுமதி கேட்கும் ஒவ்வொரு மனையிலும் கெட்டிப் பாறை எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று துளையிட்டுப் பார்த்து, அந்த எண்ணைப் பொதுவில் வெளியிட வேண்டும். அரசு அதைச் செய்யும்வரை, நீலகிரியில் மனையோ வீடோ வாங்க நினைப்பவர்கள் காட்சியைப் பார்க்குமுன் நான்கு விஷயங்களையாவது பாருங்கள். பின்சுவருக்கு அப்பால் மண் எவ்வளவு உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டப்பட்டிருக்கிறது? மேலே மரங்கள் வளைந்து சாய்ந்திருக்கின்றனவா? கோடையிலும் ஈரம் கசியும் இடம் உண்டா? வருவாய்த் துறையின் பழைய வரைபடத்தில் ஓடை இருந்த இடம் இப்போது என்னவாக இருக்கிறது? இவற்றுள் ஒன்றுக்குத் தவறான விடை கிடைத்தாலும் முன்பணம் கொடுக்காதீர்கள்.